குரூஸ் கப்பலில் அடிபட்டால் எத்தனை நாளைக்குள் வழக்குப் போட வேண்டும்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குரூஸ் போன இடத்தில் அடிபட்டவர்களின் கடிதம் வந்தால் முதலில் என் கண் தேதியைத்தான் தேடும். எலும்பு முறிந்ததற்கு எக்ஸ்ரே இருக்கும், சாட்சி இருக்கும், கப்பல் டாக்டர் எழுதிய சீட்டு இருக்கும். எல்லாம் இருந்தும் கெடு தாண்டிவிட்டதால் வெறுங்கையோடு நிற்கும் குடும்பங்கள் உண்டு. அதனால் இந்த முறை கெடு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வது பொதுவான விளக்கம். உங்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் சொல்லும் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். ஃபோர்ட் லாடர்டேலில் கப்பலேறி கரீபியன் தீவுகளுக்குப் போனோம். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒன்டாரியோவில் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, அவசரமில்லை என்று நண்பர் சொல்கிறார். இப்போது பதினோராவது மாதம். பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. இந்த வாரமே ஃபுளோரிடாவில் கடல்சார் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

நண்பர் சொன்ன இரண்டு வருடம் ஒன்டாரியோவின் பொதுவான காலவரம்பு. அது தப்பில்லை, ஆனால் உங்கள் அம்மாவுக்கு அது கைகொடுக்காது. உங்கள் கெடு டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அமெரிக்கக் கடல் சட்டத்தில் உடல் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம் உண்டு. ஆனால் பயணிகளை ஏற்றும் கப்பல் நிறுவனம் டிக்கெட்டில் எழுதி அதைக் குறைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. வழக்குப் போட 1 வருடத்துக்கும், அடிபட்டதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுத்து நோட்டீஸ் கொடுக்க 6 மாதத்துக்கும் கீழே போகக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. பெரிய நிறுவனங்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே டிக்கெட்டில் போட்டுவிடுகின்றன. அந்த ஒரு வருடம் அடிபட்ட நாளிலிருந்து ஓடுகிறது. கப்பலை விட்டு இறங்கிய நாளோ, ஆபரேஷன் முடிந்த நாளோ கணக்கில்லை.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் டிக்கெட்டில்தான் இருக்கும். கார்னிவல், ராயல் கரீபியன் டிக்கெட்டுகள் வழக்கமாக ஃபுளோரிடாவின் மயாமிக்கு அனுப்பும். பிரின்சஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கு, ஹாலண்ட் அமெரிக்கா சியாட்டிலுக்கு. டொராண்டோவில் வழக்குப் போட்டு, அங்கே 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்புவதற்குள் ஒரு வருடம் முடிந்துவிட்டால் மயாமியிலும் கதவு மூடிவிடும். வேறு நீதிமன்றத்தில் முதலில் போட்டவர்களுக்கு நீதிபதிகள் அபூர்வமாக இரக்கம் காட்டியதுண்டு. அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

'இவ்வளவு பொடி எழுத்தில் எழுதியது எப்படிச் செல்லும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இது போனது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒருவர் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கார்னிவல் கப்பலில் போனார்கள். மெக்சிகோவை ஒட்டிய சர்வதேசக் கடலில், கப்பலின் சமையலறையைச் சுற்றிக் காட்டியபோது மனைவி தரைவிரிப்பில் வழுக்கி விழுந்தார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். 1991இல் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், டிக்கெட்டில் ஃபுளோரிடா என்றிருந்தால் ஃபுளோரிடாதான் என்று சொல்லிவிட்டார்கள். மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், டிக்கெட்டில் இருந்த அதே எழுத்தளவில் அந்த நிபந்தனைகளைத் தன் தீர்ப்போடு இணைத்தார். 25 பத்திகளில் எட்டாவது பத்தியில் அந்த வரி ஒளிந்திருந்தது. என் மனம் ஸ்டீவன்ஸ் பக்கம்தான். ஆனால் இன்றுவரை நடப்பில் இருப்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. இப்போது ஆன்லைனில் செக்-இன் செய்யும்போது 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்துக்குள் டிக் அடிக்கிறோம். அம்மாவுக்காக நீங்கள் டிக் அடித்திருந்தாலும், டிராவல் ஏஜென்ட் அடித்திருந்தாலும், அது அம்மாவைக் கட்டுப்படுத்தும் என்றே அங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கின்றன.

இன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது: நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து டிக்கெட் ஒப்பந்தத்தை இறக்குங்கள். புக்கிங் ஈமெயிலோடு வந்திருந்தால் அந்தப் பிரதி இன்னும் நல்லது. நோட்டீஸுக்கு எத்தனை நாள், வழக்குக்கு எத்தனை நாள், எந்த நீதிமன்றம், வழக்குப் போட்டபின் எத்தனை நாளைக்குள் நிறுவனத்துக்கு நீதிமன்ற சம்மனை முறைப்படி கொண்டு சேர்க்க வேண்டும், இந்த நான்கையும் கோடிட்டு வக்கீலுக்கு அனுப்புங்கள். அங்கே காய வழக்குகளை ஜெயித்தால்தான் ஃபீஸ் என்ற முறையில் எடுப்பவர்கள் நிறையப் பேர். காசில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கும் அமெரிக்கக் கப்பலில்தான் விபத்து. ஆறு மாத நோட்டீஸ் கொடுக்கத் தவறிவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. எல்லாம் போச்சா?

போகவில்லை. நோட்டீஸ் கெடுவும் வழக்குக் கெடுவும் வேறு வேறு. விபத்து நடந்தது நிறுவனத்துக்கோ கேப்டனுக்கோ அப்போதே தெரியும், நோட்டீஸ் வராததால் அவர்களுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் கருதினால், நோட்டீஸ் இல்லை என்பதற்காக வழக்கைத் தள்ள முடியாது என்று சட்டமே சொல்கிறது. கப்பல் மருத்துவ மையத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட சிகிச்சையின் பதிவு, விபத்து அறிக்கையில் போட்ட கையெழுத்து எல்லாம் இங்கே உதவும். நோட்டீஸை இப்போதாவது எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். அப்புறம், ஒரு வருடக் கெடுவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: நிறுவனத்தின் கிளெய்ம்ஸ் அதிகாரி ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். மருத்துவ பில்களைக் கேட்டு வாங்கினார். 'பரிசீலனையில் இருக்கிறது' என்கிறார். இந்த நேரத்தில் வழக்குப் போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த மாதிரிக் கடிதங்கள்தான். ஈமெயில் போகிறது, பதில் வருகிறது, இன்னொரு ஸ்கேன் ரிப்போர்ட் கேட்கிறார்கள், நாமும் நல்ல மனதோடு அனுப்புகிறோம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கெடு ஒரு நாள்கூட நிற்காது. 366ஆம் நாள் அதே அதிகாரி அதே மரியாதையோடு 'உங்கள் உரிமை காலாவதியாகிவிட்டது' என்று எழுதலாம். அதைத் தடுக்க இரண்டே வழி. ஒன்று, கெடுவுக்குள் வழக்கைப் பதிவு செய்துவிடுவது. வழக்கு நடக்கும்போதும் சமரசம் பேசலாம், பெரும்பாலும் அப்போதுதான் உருப்படியான தொகையே வரும். இன்னொன்று, கெடுவை இன்ன தேதி வரை நீட்டிக்கிறோம் என்று நிறுவனம் எழுத்தில் கையெழுத்திட்டுத் தருவது. 'கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்' என்று போனில் சொன்னதெல்லாம் நீட்டிப்பு ஆகாது.

அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கப்பலிலேயே கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கும் தாளாக அது இருக்கலாம்.

கேள்வி: லண்டனில் புக் செய்து சவுத்தாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடல் போனோம். படிக்கட்டில் விழுந்து முழங்கால் போனது. இங்கிலாந்தில் காய வழக்குக்கு 3 வருடம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே?

சாலையில் விழுந்திருந்தால் 3 வருடம். கப்பலில் விழுந்ததால் 2 வருடம். ஏதென்ஸ் உடன்படிக்கை என்று 1974இல் வந்த சர்வதேச ஒப்பந்தம் அங்கே சட்டமாகவே இருக்கிறது. அதன் 2002 திருத்தம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 கடைசியிலிருந்தே அந்த விதிகள் அமலில் இருக்கின்றன. இந்தக் கணக்கு கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து தொடங்கும். பயணத்தின்போது இறந்துபோனால், அவர் இறங்கியிருக்க வேண்டிய நாளிலிருந்து. கப்பலில் பட்ட காயத்தால் இறங்கிய பிறகு இறந்தால் இறந்த நாளிலிருந்து 2 வருடம், ஆனால் இறங்கிய நாளிலிருந்து 3 வருடத்தைத் தாண்டக் கூடாது.

உதாரணத்துக்கு, 2025 மார்ச் 10 அன்று அடிபட்டு 14ஆம் தேதி இறங்கினால், ஏதென்ஸ் கணக்கில் 2027 மார்ச் 14 வரை. அதே காயம் மயாமி டிக்கெட்டில் என்றால் 2026 மார்ச் 10. கடைசி நாள் வரை யாரும் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையா, எந்த நாட்டு நேரம் என்ற சண்டையே வேண்டாம்.

படிக்கட்டில் விழுந்தது போன்ற விபத்தில் நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கப்பல் கவிழ்ந்தது, மோதியது, தரைதட்டியது, தீப்பிடித்தது என்றால் 2002 திருத்தப்படி குறிப்பிட்ட தொகை வரை தப்பை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது இந்த விதிகள் இன்னும் அமலுக்கு வரவில்லை. அந்தப் பயணிகள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதுள்ளது எவ்வளவோ மேல்.

ஒரே நிறுவனம் அமெரிக்காவில் விற்கும் டிக்கெட்டுக்கு ஒரு நிபந்தனையும் பிரிட்டனில் விற்கும் டிக்கெட்டுக்கு வேறு நிபந்தனையும் வைக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கத்து அறையில் இருந்த அமெரிக்கக்காரருக்கு என்ன கெடு என்று கேட்டு நீங்கள் நடக்க முடியாது.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குக் கப்பல் கதவில் விரல் நசுங்கியது. அமெரிக்க டிக்கெட். குழந்தைக்கும் ஒரு வருடம்தானா?

குழந்தைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. சட்டப்படியான பிரதிநிதி நியமிக்கப்படும் நாள், அல்லது காயம் பட்டு 3 வருடம் முடியும் நாள், இதில் எது முந்தி வருகிறதோ அதுவரை டிக்கெட் கெடு ஓடாமல் நிற்கும். பதினெட்டு வயது வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. மருத்துவச் செலவுக்காகப் பெற்றோர் தங்கள் பெயரில் கேட்பதற்கு இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பாதீர்கள், அதை ஒரு வருடத்துக்குள் முடியுங்கள். ஏதென்ஸ் விதிகளில், 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றில் நல்ல தீர்ப்புக் கொடுத்தது. தந்தையை இழந்த சிறு குழந்தைக்கு இரண்டு வருடம் தாண்டியும், மூன்று வருட எல்லைக்குள், வழக்குத் தொடர அங்கே இடம் கிடைத்தது.

கேள்வி: டிக்கெட்டில் 'காயங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல', 'கப்பல் மருத்துவர் எங்கள் ஊழியர் அல்ல' என்றெல்லாம் இருக்கிறது. பிறகு வழக்கு எதற்கு?

கெடுவைக் குறைக்கும் வரி செல்லும், பொறுப்பையே கழற்றிவிடும் வரி செல்லாது. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பயணங்களில், தன் கவனக்குறைவால் வந்த காயத்துக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் எழுதிக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது. மருத்துவர் விஷயத்தில் 2014இல் அமெரிக்காவின் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டம் என்பது சில மாநிலங்கள் சேர்ந்த பகுதி) பழைய கருத்தை மாற்றியது. மருத்துவரின் தவறுக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்று ராயல் கரீபியன் வழக்கில் சொன்னது. ஃபுளோரிடா அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. கரைச் சுற்றுலாவில் பஸ் மோதினால் கதை வேறு. அந்த பஸ்ஸை நடத்தியவர் தனி ஒப்பந்தக்காரராக இருப்பார், அவருக்கு அந்த நாட்டுச் சட்டமும் அதன் கெடுவும். அங்கே ஆபத்து இருப்பது தெரிந்தும் நிறுவனம் எச்சரிக்கவில்லை என்றால் நிறுவனத்தையும் இழுக்கலாம், அப்போது டிக்கெட் கெடு பொருந்தும்.

கேள்வி: சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போன கப்பலில் அப்பாவுக்கு அடிபட்டது. இந்திய நிறுவனம். இங்கே எப்படி?

இங்கே உங்கள் நிலைமை மேல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 69ஆம் பிரிவுப்படி 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கவும் முடியும். வழக்குத் தொடரும் காலத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் குறைத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி அந்த வரி செல்லாது. மயாமி டிக்கெட் செய்யும் வேலையை இங்கே செய்ய முடியாது. அப்பா மதுரையில் குடியிருந்தால் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான்.

கேள்வி: தூத்துக்குடிக்காரன். கப்பல் கிச்சனில் வேலை பார்க்கும்போது கை வெந்துவிட்டது. எனக்கும் ஒரு வருடமா ஐயா?

இல்லை தம்பி, அது பயணிகளின் டிக்கெட் கெடு. உங்களுக்கு உங்கள் வேலை ஒப்பந்தமும் யூனியன் ஒப்பந்தமும்தான் அடிப்படை. அமெரிக்கச் சட்டம் பொருந்தினால் 3 வருடம். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தை விட்டு நடுவர் மன்றத்துக்கு அனுப்பும், எந்த ஊரில் என்பதும் அதில் இருக்கும். சைன்-ஆஃப் ஆகி, அதாவது கப்பல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஊருக்கு வரும் முன் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: சூட்கேஸ் உடைந்தது. இதற்கும் இதே கெடுதானா?

இது இன்னும் குறுகலானது. ஏதென்ஸ் விதிகளில் வெளியே தெரியாத சேதத்துக்கு 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற சேதம் என்றால், அறைக்குள் நீங்கள் வைத்திருந்த பைக்கு இறங்கும்போதோ அதற்கு முன்போ, கப்பலிடம் ஒப்படைத்த பெட்டிக்கு அதைத் திருப்பி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க டிக்கெட்டுகளில் ஒரு வருடத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற அந்தப் பாதுகாப்பு காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டுமே. பெட்டிக்கு அதைவிடக் குறைவான நாட்கள் போட்டிருப்பார்கள், டிக்கெட்டைப் பாருங்கள்.