கோலப் புள்ளிக் கருவியை ஏஐ ஏஜென்ட் சரியாகக் கூப்பிட என்ன எழுத வேண்டும்?

கேள்வி: நான் கணக்கு ஆசிரியை. மார்கழிக் கோலங்களை வைத்து எண் வரிசை சொல்லிக்கொடுக்க ஒரு சின்னக் கருவி செய்தேன். கோலத்தின் மொத்தப் புள்ளிகளைக் கணக்கிடும். சில எண்களைக் கொடுத்தால் அது எந்த வரிசை என்று ஓ.இ.ஐ.எஸ். தளத்தில் (எண் வரிசைகளுக்கான இணையக் கலைக்களஞ்சியம்) தேடியும் சொல்லும். பிள்ளைகள் பயன்படுத்தும்போது சிக்கல் இல்லை. ஏஐ ஏஜென்டோடு (கேள்வியைப் படித்து, தேவையான கருவியைத் தானே இயக்கிப் பதில் தரும் ஏஐ) இணைத்த பிறகு, '15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி?' என்றால் 481 என்கிறது. நாலு பக்கக் கையேடு எழுதியும் மாறவில்லை. என்ன செய்ய?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்த 481-லேயே விடை இருக்கிறது. 15-1 நேர்ப்புள்ளி என்றால் நடுவில் 15, இரண்டு பக்கமும் 13, 11 என்று குறைந்து 1-ல் முடியும். மொத்தம் 113. 1, 5, 13, 25, 41, 61, 85, 113 என்று போகும் இந்த வரிசைக்கு ஓ.இ.ஐ.எஸ்.-ல் உள்ள அடையாள எண், அதாவது ஏ-எண், ஏ001844. அங்கே இட எண் பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 113 இருப்பது 7-வது இடத்தில். உங்கள் கருவி கேட்பது இந்த இட எண்ணை. ஏஜென்டோ கேள்வியில் இருந்த 15-ஐ அப்படியே கொடுத்துவிட்டது. 2×15×16+1 போட்டுப் பாருங்கள், 481 வரும். பிள்ளைகளுக்கு நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். ஏஜென்டுக்கு யாரும் சொல்லவில்லை.

கையேட்டில் எழுதியிருக்கிறேனே என்பீர்கள். அதை ஏஜென்ட் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஏஐ-யைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. முறையிலும் சரி, இதுபோன்ற மற்ற இணைப்புகளிலும் சரி, ஏஜென்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கண்ணில் படுவது கருவியின் பெயர், கூடவே உள்ள விளக்கம், உள்ளீடுகளின் விவரம், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை அங்கேதான் சொல்ல வேண்டும்.

நானாக இருந்தால் இட எண் கேட்பதையே விட்டுவிடுவேன். கோலம் போடுபவர்கள் சொல்வது நடு வரிசைப் புள்ளியைத்தான். கருவியும் அதையே கேட்கட்டும். விளக்கம் இப்படி இருக்கலாம்: 'கோலத்தின் மொத்தப் புள்ளிகளைக் கணக்கிடும். உள்ளீடு: கோல வகை, நடு வரிசைப் புள்ளிகளின் எண்ணிக்கை. நடு வரிசை 1 அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை இங்கே தரக்கூடாது. நேர்ப்புள்ளி 15 என்றால் 113. ஊடுபுள்ளி 15 என்றால், அதாவது நடுவில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடியும் 15-8 கோலம், 169.' இந்த இரண்டு எடுத்துக்காட்டுகள் ஒரு பக்க விளக்கத்தைவிட அதிகம் உதவும். ஊடுபுள்ளியைச் சில வீடுகளில் இடுக்குப்புள்ளி என்பார்கள், சந்துப்புள்ளி என்பார்கள். அந்தப் பெயர்களும் விளக்கத்தில் இருக்கட்டும்.

வரிசை தேடுவதைத் தனிக் கருவியாகப் பிரித்துவிடுங்கள். அங்கே தலைவலி வேறு. 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எண் கொடுத்தால் அடுத்தது 32 என்று சொல்லத் தோன்றும். ஆனால் வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளை நாண்களால் இணைத்தால் கிடைக்கும் துண்டுகளின் வரிசையும் (ஏ000127) அதே ஐந்து எண்களில்தான் தொடங்கி, அடுத்து 31-க்குப் போகும். உங்கள் கோலங்களிலேயே 61 இரண்டு முறை வருகிறது: 11-1 நேர்ப்புள்ளிக்கும் 61, 9-5 ஊடுபுள்ளிக்கும் 61. ஆகவே குறைந்தது ஆறு எண் வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரே விடை தராமல், பொருந்தும் வரிசைகள் எல்லாவற்றையும் ஏ-எண்ணோடு தரச் சொல்லுங்கள். கருவி தந்த ஏ-எண்ணைத் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது என்றும் ஒரு வரி போடுங்கள். நினைவிலிருந்து எடுத்துவிடுவது மாடல்களின் கெட்ட பழக்கம். ஓ.இ.ஐ.எஸ். என்பது கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964-ல் தொடங்கிய தொகுப்பு. அதன் எண்ணோடு ஒரு பொய்யைச் சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

பிழைச் செய்தியும் விளக்கத்தில் சேர்ந்ததுதான். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் 14-ஐ 15 ஆக்கி, உங்களுக்குச் சொல்லாமலே விடை தரும். 'நடு வரிசை 14 என்று வந்தது. இந்தக் கருவி ஒற்றைப்படைக்கு மட்டும். எண்ணை நீயாக மாற்றாதே, பயனரிடம் கேள்' என்று வரட்டும். அதேபோல, தேடியும் வரிசை கிடைக்காததும், இணைப்பு அறுந்து தேடவே முடியாததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் கருவி காலிப் பட்டியலையே திருப்பி அனுப்பினால், நெட் போன நாளில் 'அப்படி ஒரு வரிசையே இல்லை' என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லும்.

பெரிய எண்களைச் சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் அனுப்புங்கள். ஃபிபொனாச்சியில் 79-வது இடத்து எண் 14472334024676221. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் சாதாரண எண்ணாகப் படித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எல்லாம் மாற்றியபின் சோதிக்கும்போது, விடையை மட்டும் பார்க்காமல் ஏஜென்ட் கருவிக்கு என்ன அனுப்பியது என்ற பதிவைத் திறந்து பாருங்கள். தப்பான வழியில் சரியான விடை வருவதும் உண்டு. அப்புறம், வகை சொல்லாமல் '15 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை புள்ளி?' என்று ஒரு தடவை கேளுங்கள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று ஏஜென்ட் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் கணக்குப் போட்டுவிட்டால், வகை தெரியாதபோது கூப்பிடாதே என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.