மன்னரைத் தெரியாதவர்கள் கேமை வாங்குவார்களா?

கேள்வி: எங்களுடையது சிறிய ஸ்டுடியோ. நாங்கள் செய்த செல்லப்பிராணி வளர்ப்பு கேம் பல நாடுகளில் ஓரளவு விற்கிறது. வரலாற்றுப் போர் கேம் செய்யும் ஒரு நிறுவனம், இரண்டையும் சேர்த்து ஒரு கிராஸ்ஓவர் கொண்டுவரலாமா என்று கேட்கிறது. அவர்கள் கேமில் வரும் மன்னர்களும் தளபதிகளும் உள்நாட்டில் பிரபலம். வெளியே யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு பிளேயர்கள் இதைத் தொடுவார்களா?

பதில்: தொடுவார்கள், ஆனால் உங்கள் பிராணிகளுக்காக. மன்னர்கள் யாரென்று தெரியாமலே அவர்கள் கடைசி வரை விளையாட முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ஏறக்குறைய இதே நிலைமையில் 2012-இல் போக்கிமான் இருந்தது. 1983 முதல் வரும் 'நோபுநாகாவின் லட்சியம்' என்ற போர் வியூக கேம் வரிசையோடு அது கைகோத்தது. ஓடா நோபுநாகா 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானியப் படைத்தலைவர். குழந்தைகளின் குட்டி மிருகங்களும் அப்பாக்கள் விளையாடும் ராஜதந்திரமும் ஒரே பெட்டியில் என்பதே ஜப்பானில் பாதி வேடிக்கை. அந்த வேடிக்கையைக் கடல் கடத்த முடியாது. எனவே அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது தலைப்பிலிருந்து நோபுநாகாவை எடுத்துவிட்டு 'போக்கிமான் கான்க்வெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். கேமுக்குள் மனிதர் அப்படியே இருந்தார். ஜப்பானியருக்கு அவர் பாடப்புத்தகத்தில் படித்த ஆள். மற்றவர்களுக்குக் கதையின் பெரிய வில்லன். இரண்டு வகையிலும் கதை ஓடியது. ஆட்டத்தையும் எளிமையாக்கியிருந்தார்கள்: கட்டம் போட்ட களம், ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரே ஒரு தாக்குதல். போர் வியூக கேமையே தொடாதவரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

புயோ புயோ, டெட்ரிஸ் என்ற இரண்டு புதிர் கேம்களைச் சேர்த்த 'புயோ புயோ டெட்ரிஸ்' கதையும் இதுபோலத்தான். ஜப்பானில் 2014-இல் வந்தது, மேற்கு நாடுகளுக்கு 2017-இல்தான் போனது. டெட்ரிஸை அறியாதவர் இல்லை; புயோவின் பாத்திரங்களை வெளியே அறிந்தவர் குறைவு. (1993-இல் புயோவை மேற்கே அனுப்பியபோது, பாத்திரங்களைத் தூக்கிவிட்டு, அங்கே பிரபலமான சோனிக் கேமின் வில்லன் ரோபாட்னிக்கை உட்கார வைத்தார்கள்!) ஆனால் ஒரே நிறத்தில் நான்கு சேர்ந்தால் மறையும் என்ற விதிக்கு அறிமுகம் தேவையில்லை.

தடுக்கி விழும் இடம் வேறு. 'டோக்கியோ மிராஜ் செஷன்ஸ்' எனக்கு மிகப் பிடித்த கேம், இருந்தும் சொல்கிறேன். மன்னர் காலப் போர் வியூக வரிசையான ஃபயர் எம்ப்ளமும், பேய்கள் வரும் இருண்ட கதை வரிசையான ஷின் மெகாமி டென்செயும் இணைகின்றன என்று 2013-இல் அறிவித்தார்கள். பலர் இருண்ட போர்க்கதை ஒன்றை மனதில் கட்டிக்கொண்டார்கள். வந்ததோ டோக்கியோவின் பாடகி-நடிகை உலகம். 2016-இல் மேற்கே வெளியானபோது ஆங்கில டப்பிங்கும் இல்லை, வசன வரிகள் மட்டும். ஏற்கெனவே குறைவாக விற்றிருந்த நிண்டெண்டோவின் வீ யூ கேம் கருவியில் வேறு! கேமில் குறை சொல்ல அதிகம் இல்லை. காட்டிய ஆசை ஒன்று, பரிமாறியது ஒன்று. உங்கள் முதல் டிரெய்லரில் குதிரைப்படையைக் காட்டிவிட்டு, கேமில் முயலுக்குத் தீனி போடச் சொன்னால் இதுதான் நடக்கும்.

இனி, ஒப்பந்தம். ரசனையைவிட இதில்தான் அதிக கேம்கள் தரைதட்டி நின்றிருக்கின்றன. கார்ட்டூன் நிறுவனமான டட்சுனோகோவின் பாத்திரங்களும் கேம் நிறுவனமான காப்காமின் பாத்திரங்களும் மோதும் 'டட்சுனோகோ வெர்சஸ் காப்காம்' 2008-இல் ஜப்பானில் வந்தது. டட்சுனோகோ பாத்திரங்களுக்கு வெளிநாட்டு உரிமைச் சிக்கல்கள் இருந்ததால் மேற்கே போக 2010 ஆனது, ஒரு பாத்திரம் விடுபட்டும் போனது. இரண்டு கேம் நிறுவனங்களின் பாத்திரங்களைச் சேர்த்த 'நாம்கோ எக்ஸ் காப்காம்' (2005) ஜப்பானைத் தாண்டவே இல்லை. பல ஜப்பானிய காமிக்ஸ் நாயகர்களை ஒன்றாக்கி 2019-இல் வந்த 'ஜம்ப் ஃபோர்ஸ்' 2022-லேயே ஆன்லைன் கடைகளிலிருந்து இறங்கிவிட்டது. எனவே எந்தெந்த நாடு, எந்தெந்தக் கருவி, எத்தனை ஆண்டு, டப்பிங் குரலுக்கு யார் ஒப்புதல் என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வரட்டும். "வெளிநாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த 'அப்புறம்' வராமலே போகலாம்.

செலவு செய்யும் முன் ஒரு சின்ன டெமோ செய்யுங்கள். உங்கள் கேமை விளையாடிய, அவர்கள் கேமைக் கேள்விப்படாத சிலரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். மன்னரின் பெயரை அவர்கள் மறந்தால் கவலை இல்லை. மன்னர் பேசும்போதெல்லாம் பட்டனை அழுத்தித் தள்ளிவிட்டு, போர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தால், வசனத்தைக் குறையுங்கள். போரையும் தள்ளிவிடப் பார்த்தால் இந்தக் கூட்டணி வெளிநாட்டுக்கு வேண்டாம், உள்நாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டுப் பதிப்பின் தலைப்பில் அந்தப் போர் கேம் நிறுவனத்தார் தங்கள் பெயரை விட்டுக்கொடுப்பார்களா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால், டப்பிங்கிலும் டிரெய்லரிலும் இதே இழுபறி காத்திருக்கிறது.