எல்லையில் ஒரு மருத்துவமனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்லைப் பகுதிகளில் மருத்துவமனை, பேருந்து, குடிநீர் போன்றவற்றை அண்டை நாடுகள் சேர்ந்து நடத்தலாம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே நாட்டுக்குள் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளே ஒத்துப்போவதில்லை. இரண்டு அரசுகள் சேர்ந்தால் கடைசியில் யார் பொறுப்பு? திறப்பு விழாவோடு முடிந்துவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யார் பொறுப்பு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதிலை முதலிலேயே எழுதிவைத்த இடங்களில் இது நடக்கத்தான் செய்கிறது.

பிரனீஸ் மலையில் செர்தான்யா என்றொரு பள்ளத்தாக்கு. 1659ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதைப் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பிரித்துக் கொடுத்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் நாட்டுப் பெரிய மருத்துவமனை பெர்ப்பிஞானில், மலைப்பாதையில் சுமார் 100 கிலோமீட்டர். பனிக்காலத்தில் பிரசவ வலி கண்டவரை அந்த வழியில் அனுப்ப யாருக்கு மனசு வரும்? எல்லையை ஒட்டி, ஸ்பெயின் பக்கம், புச்செர்தா என்ற ஊர். அங்கே 2014இல் இரு நாட்டுக்கும் பொதுவான மருத்துவமனை திறந்தார்கள். இரு பக்கமும் சேர்த்தே சுமார் 30,000 பேர்தான். தனித்தனியாக என்றால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

பொறுப்புக்கு வருகிறேன். இரு நாட்டு அமைப்புகள் சேர்ந்து தனியொரு சட்ட அமைப்பை உருவாக்கிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் விதி கொண்டுவந்தது. இந்த மருத்துவமனை அப்படிப்பட்ட ஓர் அமைப்பு. ஆளெடுப்பதும் ஒப்பந்தம் போடுவதும் அதன் பெயரில்தான். செலவில் புச்செர்தா இருக்கும் ஸ்பெயின் மாகாணமான கட்டலோனியா 60 சதவீதம், பிரான்ஸ் 40 சதவீதம். எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. ஆகவே யாருடைய இறையாண்மையும் குறைந்துவிடவில்லை.

அதன் பிறகும் சிக்கல் வந்தது. பிரெஞ்சுத் தம்பதிக்கு அங்கே பிறந்த குழந்தை, காகிதத்தில் வெளிநாட்டில் பிறந்த குழந்தை. பிறப்புப் பதிவுக்கு அலைச்சல். பிரெஞ்சு நோயாளி இறந்துவிட்டால், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு உடலைக் கொண்டுபோக சர்வதேச விதிகள் குறுக்கே நின்றன. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை இதைவிட எப்படி வதைக்க முடியும்? தரை வழியாக உடல்களைக் கொண்டுசெல்வதற்கென்றே 2017இல் இரு அரசுகளும் தனி ஒப்பந்தம் போட்டன. கட்டடம் கட்டுவதைவிட இந்தக் காகித வேலைதான் பெரிது என்று நினைக்கிறேன். நாடா வெட்டியவர்கள் போன பிறகும் அலுக்காமல் அதைச் செய்த அதிகாரிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

திறப்பு விழாவோடு முடிந்துவிடும் என்ற உங்கள் சந்தேகம் எல்லாச் சேவைக்கும் பொருந்தாது. பின்லாந்தின் டோர்னியோவும் சுவீடனின் ஹாபரண்டாவும் ஒட்டிய ஊர்கள். இரண்டின் கழிவுநீரும் ஹாபரண்டாவில் ஒரே நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. 2020இல் கொரோனாவுக்காக ஊர்களுக்கு நடுவே தற்காலிக வேலி போட்டார்கள். அப்போதும் கழிவுநீர் அங்கேதான் போனது. நிறுத்தவே முடியாத சேவையில் கைகோத்துவிட்டால் சுலபத்தில் விலக முடியாது. அதனால்தான் கழிவுநீரையும் ஆம்புலன்ஸையும் முதலில் பேசச் சொல்கிறேன். நட்புறவு விழாக்கள் அப்புறம் வரட்டும்.