34 வயதில் வந்த சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் கடல் பாட்டுகளைப் பற்றி எழுதும்போது 'கரூசோ' என்ற இத்தாலியப் பாட்டைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். ஓபரா பாடகர் பவரொட்டி பாடிய பதிவைத் தேடிக் கேட்டேன், அழுகை வந்துவிட்டது. நூறு வருடப் பழைய ஓபரா பாட்டு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் 1986-இல் லூச்சோ தல்லா என்ற பாப் பாடகர் எழுதியதாம். அவரைப் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் 'கன்தவுத்தோரே' என்று போட்டிருக்கிறார்கள். சொல்லும் மெட்டும் தானே அமைத்துப் பாடுகிறவர், நம் வாக்கேயக்காரர் மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஆனால் அவருடைய முதல் பத்துப் பன்னிரண்டு வருடப் பாட்டுகளில் சொல் எல்லாம் மற்றவர்கள் எழுதியது. 1990-இல் பெரிதாக விற்ற 'ஓநாய் ஜாக்கிரதை'யும் வேறொருவர் எழுதியது. கேட்டால் குழந்தைப் பாட்டு போல இருக்கிறது. இவரை எப்படி அந்தப் பெயரால் அழைக்கிறார்கள்? பவரொட்டி பாடியதால்தான் இவருக்குப் பெயர் வந்ததா?

அன்புடன்,
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

உங்கள் கணக்கு சரிதான். தல்லாவின் முதல் இசைத்தட்டு 1964-இல் வந்தது. தன் சொல்லோடு ஒரு முழுத் தொகுப்பை அவர் வெளியிட்டது 1977-இல். அப்போது அவருக்கு 34 வயது. இடைப்பட்ட 13 வருடமும் ஏறக்குறைய பிறர் சொல்லைத்தான் பாடினார். ஆனால் அந்த 13 வருடத்தைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ள தல்லாவை எனக்குக் கற்பனை செய்யவே முடியவில்லை.

முதலில் அந்தப் பெயர். 'கன்தாந்தே' என்றால் பாடகர், 'அவுத்தோரே' என்றால் ஆக்கியவர். 1960 வாக்கில் இத்தாலிய இசைத்தட்டுக்காரர்கள் இரண்டையும் ஒட்டி ஒரு சொல் செய்தார்கள். அதுவரை அங்கே சொல் எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், மேடையில் நின்று பாடுகிறவர் இன்னொருவர் என்பதுதான் பொதுவழக்கம். ஜெனோவாவிலிருந்து ஜீனோ பாவோலி போன்ற சிலர் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பாட வந்தபோது அவர்களைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. வாக்கேயக்காரர் என்று நீங்கள் சொன்னது பொருத்தம்தான். அந்த ஜீனோ பாவோலிதான் தல்லாவைக் கேட்டுவிட்டு, குழுவை விட்டுத் தனியாகப் பாடச் சொன்னவர்.

அப்போது தல்லா கிளாரினெட்காரர். 1943 மார்ச் 4 அன்று பொலோனியாவில் பிறந்தவர், ஏழு வயதில் அப்பாவை இழந்தவர். பத்து வயது வாக்கில் கையில் கிளாரினெட் வந்தது. பதின்வயதிலேயே ஊரில் டிக்ஸிலேண்ட் என்ற பழைய பாணி ஜாஸ் வாசிக்கும் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார். அதே குழுவில் இன்னொரு கிளாரினெட்காரர் இருந்தார், பிற்பாடு திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்ற பூப்பி அவாத்தி. தல்லா வாசிப்பதைக் கேட்டு, இனி நமக்கு இங்கே இடமில்லை என்று கிளாரினெட்டையே மூட்டை கட்டியவர் அவர். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமீலியா தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்றபோது பொறாமையில் தல்லாவைத் தள்ளிவிடலாமா என்று தோன்றியது என்று அவாத்தியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட காது, அப்படிப்பட்ட மூச்சு. தல்லா பாடும்போது நடுவில் சொல்லை விட்டுவிட்டு வெறும் அசைகளால் ஓடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது கிளாரினெட் தொண்டைக்குள் புகுந்ததன் விளைவு.

ஆரம்பம் ஒன்றும் இனிப்பாக இல்லை. 1964-இல் ஊர் ஊராகப் போகும் ஒரு பாட்டுப் போட்டியில் கூட்டம் விசிலடித்து, தக்காளி வீசியது. குள்ளமான உருவம், உடம்பெல்லாம் ரோமம், பிற்பாடு அதற்கு மேல் ஒரு கம்பளிக் குல்லாவும் வட்டக் கண்ணாடியும். அன்றைய பாப் பாடகனுக்கு இருக்க வேண்டிய முகம் அது இல்லை. இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவுக்கு 1966-இலும் 1967-இலும் போனார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

திருப்பம் 1971 சான்ரெமோ. அந்தப் பாட்டின் சொல்லை எழுதியவர் பாவ்லா பல்லொத்தீனோ என்ற பெண். போர்க்காலத்தில் 16 வயதுப் பெண்ணொருத்தி கடல்வழி வந்த அந்நியச் சிப்பாயோடு ஒரு மணி நேரம் பழகி ஒரு குழந்தையைப் பெறுகிறாள். அந்தக் குழந்தை வளர்ந்து துறைமுகத்துக் குடிகாரனாகித் தன் கதையைச் சொல்கிறது. தலைப்பு 'குழந்தை ஏசு'. விழாக்காரர்கள் பதறிவிட்டார்கள். தலைப்பை மாற்றச் சொன்னார்கள். திருடர்களுக்கும் வேசிகளுக்கும் நான் குழந்தை ஏசு என்ற வரியில் 'துறைமுகத்து மக்கள்' வந்து உட்கார்ந்தார்கள். புதுத் தலைப்பாகத் தல்லாவின் பிறந்தநாளையே வைத்தார்கள்: '4/3/1943'. பாட்டு மூன்றாம் இடம் பிடித்தது, நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிரேசில் பாடகர் ஷிக்கோ புவார்க் அதைப் போர்த்துகீசிய மொழிக்குக் கொண்டுபோனார்.

இதில் என்னை மிகவும் தொடுவது இதுதான்: தணிக்கை செய்து வைத்த தலைப்பால் கேட்டவர்கள் பலரும் அதைத் தல்லாவின் சொந்தக் கதை என்றே நம்பினார்கள். ஒரு பெண் எழுதிய சொல், வேறொருவன் கதை, ஆனால் பாடியவன் அப்பா இல்லாமல் வளர்ந்தவன். அவன் குரலில் அது அவனுடையதாகவே ஆகிவிட்டது. இரவல் சொல் என்று நீங்கள் தள்ளிவைக்கிற வருடங்களில் நடந்தது இது.

அப்புறம் ரோபெர்தோ ரோவெர்சி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். தல்லாவைவிட 20 வயது மூத்தவர், பொலோனியாவில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த கவிஞர். 1955-இல், பிற்பாடு திரைப்பட இயக்குநராகவும் பெயர் பெற்ற கவிஞர் பசோலினியோடு சேர்ந்து 'பட்டறை' என்ற இலக்கிய இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெரிய பதிப்பகங்களே வேண்டாம் என்று முடிவெடுத்து, தன் கவிதைகளைத் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் பிரதியெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த மனிதர். சான்ரெமோ பாடகர் ஒருவர் அவரைத் தேடிப் போகிறார், பாட்டுக்குச் சொல் கேட்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் தல்லா மீது மரியாதை கூடுகிறது. 1972-இல் பொலோனியாத் தெருவில் படுத்திருக்கும் வீடற்றவன் ஒருவனைப் பற்றிய 'பியாத்சா கிராந்தே'யைப் பாடிப் பெயர் வாங்கியிருந்த நேரம் அது. அதே மாதிரி இன்னும் நாலு பாட்டுப் பாடியிருந்தால் வண்டி ஓடியிருக்கும்.

மூன்று தொகுப்புகள் சேர்ந்து செய்தார்கள்: 'நாளுக்கு ஐந்து தலை' 1973-இல், 'கந்தக டை ஆக்சைடு' 1975-இல், 'மோட்டார் கார்கள்' 1976-இல். பேரைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா, இது வழக்கமான காதல் பாட்டுச் சரக்கு இல்லை. தொழிற்சாலை, தெற்கிலிருந்து பிழைக்க வந்த கூலிகள், நச்சுக் காற்று, கார் பந்தயம். ரோவெர்சியின் வரி நீளமானது, சந்தத்துக்கு மடங்காது, பல்லவி என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. அதற்கு மெட்டுப் போட்டுப் பழகியபோது தல்லாவின் குரலில் ஒரு நெளிவு வந்தது. பேச்சாகத் தொடங்கி, ஓட்டமாகி, கத்தலாகி, திரும்பவும் பேச்சாக முடிவது. இசைத்தட்டு அதிகம் விற்கவில்லை. கடைசித் தொகுப்பில் அரசியல் கூர்மையான பாட்டுகளை நிறுவனம் வெட்டியது. ரோவெர்சி தன் பெயரைப் போட மறுத்து 'நொரீசோ' என்ற புனைபெயரில் கையெழுத்திட்டார். கூட்டு முறிந்தது.

சொல் எழுத ஆள் இல்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று தல்லா உட்கார்ந்தார். 1977-இல் வந்தது 'கடல் எத்தனை ஆழம்'. எனக்கு இத்தாலியன் அரைகுறைதான். அந்தத் தலைப்புப் பாட்டை அகராதியும் கையுமாக ஒரு வாரம் படித்தேன். காரோட்டிகளுக்கும் லைனோடைப் அச்சுக்கோப்பவர்களுக்கும் பயந்து இரவில் ஒளிந்துகொள்ளும் 'நாங்கள்' என்ற கூட்டம் ஒன்று பேசத் தொடங்குகிறது. பசி, தகப்பன், வரலாறு, மீன்கள் என்று தாவித் தாவிப் போய், எண்ணம் கடலைப் போன்றது, அதற்கு வேலி போட முடியாது, அதனால் கடலையே கொளுத்துகிறார்கள் என்று வந்து நிற்கிறது. மெட்டு ஏறக்குறைய ஒரே சுழற்சி, கடல் அலை மாதிரி. ரோவெர்சியின் நீள மூச்சு அதில் இருக்கிறது. பல்லொத்தீனோவின் கதை சொல்லும் கை இருக்கிறது. ஆனால் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவும் அந்த வேகம் ஜாஸ்காரனுடையது. கிளாரினெட்டில் செய்ததை இப்போது சொல்லில் செய்கிறார்.

அதற்கடுத்த மூன்று வருடம்தான் என் பார்வையில் அவருடைய உச்சம். 1979-இல் வந்த தொகுப்பில் 'வரப்போகும் வருடம்' என்ற பாட்டு ஒரு கடிதம். தூரத்தில் இருக்கும் நண்பனுக்கு எழுதுகிறார்: மாலையில் வெளியே போவதே குறைந்துவிட்டது, சிலர் ஜன்னலோரம் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், வாரக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. இத்தாலியில் அப்போது குண்டும் துப்பாக்கியும் சாதாரணமாகிவிட்ட காலம். 1977 மார்ச்சில் பொலோனியாவில் போலீஸ் சுட்டு ஒரு மாணவர் செத்தார். 1978-இல் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவைக் கடத்திக் கொன்றார்கள். இதையெல்லாம் பாட்டில் பெயர் சொல்லவில்லை, மணல் மூட்டை போதும். பிறகு கடிதம் திசை மாறுகிறது. புது வருடத்தில் மூன்று கிறிஸ்துமஸ் வருமாம், ஊமைகள் பேசுவார்களாம், வருடம் முழுக்கச் சாப்பாடும் வெளிச்சமும் இருக்குமாம். பார், என்னென்ன இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று தானே ஒப்புக்கொள்கிறார். இத்தாலியில் இன்றும் டிசம்பர் கடைசியில் இதைப் பாடுகிறார்கள்.

அந்த வருடமே பிரான்செஸ்கோ தெ கிரெகோரி என்ற இன்னொரு கன்தவுத்தோரேயோடு சேர்ந்து கால்பந்து மைதானங்களில் பாடிக்கொண்டு நாடு சுற்றினார். காசில்லாமல் உள்ளே விடு என்று கும்பல்கள் கச்சேரிகளைக் கலைத்ததால் பெரிய நிகழ்ச்சிகளே அருகிப்போயிருந்த காலத்தில் மைதானங்கள் நிறைந்தன. ஆக, பவரொட்டியால் பெயர் வந்ததா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. 'கரூசோ'வுக்கு ஏழு வருடம் முன்பே இத்தாலியே அவரைப் பாடிக்கொண்டிருந்தது. 1980-இல் வந்த 'ஃபுத்தூரா'வையும் தவறவிடாதீர்கள். பெர்லின் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்வார். சுவருக்கு இருபுறமும் பிரிந்த காதலர்கள், இன்னும் பிறக்காத மகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

1986 கோடையில் அவருடைய படகு சொரெந்தோ பக்கம் பழுதாகி நின்றுவிட, கரையிலிருந்த எக்செல்சியர் வித்தோரியா ஓட்டலில் தங்கினார். 1921-இல் புகழ்பெற்ற ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ தங்கியிருந்த அறை அது. அதே வருடம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி நேப்பிள்ஸில் கரூசோ இறந்தார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றி அங்கே கேட்ட கதைதான் பாட்டு: கடலைப் பார்த்த மொட்டைமாடி, சாகப்போகும் பாடகன், எதிரே ஓர் இளம்பெண். தூரத்து வெளிச்சத்தைப் பார்த்து அமெரிக்காவின் இரவுகள் என்று நினைக்கிறான், அவை மீன்பிடி விளக்குகள்தான். ஓபராவில் கொஞ்சம் மை பூசினால் வேறொருவனாக ஆகிவிடலாம், இரண்டு கண்கள் இத்தனை பக்கத்தில் பார்த்தால் சொல் மறந்துபோகிறது என்கிறார். கவனியுங்கள், சொல்லுக்கு 34 வயது வரை காத்திருந்தவர் சொல் மறப்பதைப் பற்றி எழுதுகிறார். பல்லவியில் மட்டும் நேப்பிள்ஸ் பேச்சுமொழி வருகிறது, 19-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் பாட்டொன்றின் எதிரொலியாக. பொலோனியாக்காரர் எழுதியது அது.

பவரொட்டி மொதெனாக்காரர், பொலோனியாவுக்குப் பக்கத்து ஊர். 1992-இல் மொதெனாவில் இருவரும் சேர்ந்தே அதைப் பாடினார்கள். பவரொட்டி பாடும்போது கரூசோ நம் முன் நிற்கிறார், அதில் சந்தேகமில்லை. தல்லா பாடும்போது கரூசோவுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

'ஓநாய் ஜாக்கிரதை'க்கு வருகிறேன். எழுதியவர் ரோன், 'பியாத்சா கிராந்தே'யின் மெட்டிலேயே கூட இருந்த பழைய நண்பர். அந்தத் தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. குழந்தைப் பாட்டு என்கிறீர்கள். சின்ன வீடு, சின்ன ஜன்னல், பெரிய கண்கள் கொண்ட சின்னப் பெண், எங்கோ ஓர் ஓநாய். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. 47 வயதில், தன் சொல்லுக்கு நாடே காத்திருக்கும்போது, நண்பனின் பாட்டைத் தன் தொகுப்பில் வைத்துச் சந்தோஷமாகப் பாட அவருக்குக் கூச்சமே இல்லை. எண்பதுகளின் நடுவில் சிந்தசைசர் ஓசையில் அவர் செய்த சில தொகுப்புகளை நான் அதிகம் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

2012 பிப்ரவரியில் 40 வருடத்துக்குப் பிறகு மீண்டும் சான்ரெமோ போட்டி மேடைக்கு வந்தார். பாடியவர் பியெர்தாவிதே கரோனே என்ற இளைஞர். பாட்டைச் சேர்ந்து எழுதிய தல்லா இசைக்குழுவை நடத்திக்கொண்டு நின்றார். இரண்டு வாரம் கழித்து மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் மாரடைப்பு. முந்தின இரவுதான் அங்கே பாடியிருந்தார். பொலோனியாவின் சான் பெத்ரோனியோ பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது மார்ச் 4 அன்று. அந்தத் தேதியைச் சதுக்கத்தில் நின்றவர்கள் ஒரு பாட்டின் தலைப்பாகவே அறிந்திருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் 'ஓநாய் ஜாக்கிரதை'யை மறந்துவிட்டு '4/3/1943'-ஐக் கேளுங்கள். மறுநாள் 'கடல் எத்தனை ஆழம்'. அதற்கப்புறம் 'கரூசோ', தல்லாவின் குரலில், இரவில், ஹெட்ஃபோன் போட்டு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா