கேமிங் கணினி கட்டும்போது எந்தப் பாகத்தில் தொடங்குவது?

பிராசசருக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவதா, கிராபிக்ஸ் கார்டுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாடும்போதே பின்னணியில் உலாவி, குரல் அரட்டை, வீடியோ எடிட்டிங் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் என் தங்கை மகனுக்காக ஏறத்தாழ இதே தேவைக்கு ஒரு கணினியை, பாகம் பாகமாக வாங்கி, அவனோடு தரையில் உட்கார்ந்து கட்டினேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இரண்டிலுமே தொடங்காதீர்கள். மேசைமேல் வைக்கப்போகும் மானிட்டரையும், மேசைக்கு அடியில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டையும் முதலில் பாருங்கள்.

மானிட்டர் ஏன் முதலில் என்றால், கிராபிக்ஸ் கார்டின் வேலைச்சுமையை அதுதான் தீர்மானிக்கிறது. 1920க்கு 1080 திரையில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் 20,73,600 புள்ளிகளை வரைய வேண்டும். 2560க்கு 1440 திரையில் அது 36,86,400 ஆகிவிடும். புள்ளிகள் இப்படி ஏறத்தாழ 1.8 மடங்கு கூடினாலும், பிராசசரின் வேலை பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே 1440 திரை வாங்குகிறவர் பணத்தைக் கார்டின் பக்கம் சாய்க்க வேண்டும். 1080 திரையில் நொடிக்கு 144 சட்டங்களுக்கு மேல் எதிர்பார்க்கிறவருக்குப் பிராசசரும் ஈடுகொடுக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டு கார்டுகளும் ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி நினைவகம் என இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. கடைக்காரர் "அதே கார்டுதான்" என்றாலும் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கார்டின் நினைவகம் நிறைந்துவிட்டால் தரவு கணினியின் பொது நினைவகமான ராமுக்கு வழிந்து, அங்கிருந்து மெதுவான பாதையில் திரும்ப வர வேண்டியிருக்கும். அப்போது ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். சில ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபியே என் தேர்வு.

பிராசசரில் ஆறு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) உள்ள ரைசன் 5 7600 விளையாட்டுக்கும் அன்றாடப் பல்வேலைக்கும் தாராளமாகப் போதும். ஆட்டம் ஓடும்போதே பின்னால் எடிட் செய்த வீடியோ ரெண்டர் ஆக (இறுதிக் கோப்பாக உருவாக) வேண்டும் என்றால் மட்டும் எட்டு கோருக்குப் போங்கள். ஆட்டத்தைப் பதிவு செய்வதற்காகக் கூடுதல் கோர் தேவையில்லை; கார்டிலேயே அதற்கென்று, வீடியோவைச் சுருக்கிப் பதிவாக்கும் தனி என்கோடர் இருக்கிறது. மதர்போர்டில் இந்தப் பிராசசர் அமரும் இடமான, 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் அதன் பிறகு வந்த பிராசசர்களும் பொருந்துவதால், நாளை பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டில் பிராசசர் இல்லாமலேயே பயாஸைப் (கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளை) புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் நீண்ட நாள் கிடந்த பி650 வகை ஏஎம்5 போர்டில் புதிய பிராசசரைப் பொருத்தி, அது எழவே இல்லையென்றால் அந்தப் பொத்தான்தான் கைகொடுக்கும்.

பல்வேலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் ராமைப் பொறுத்த விஷயம். 32 ஜிபியை 16, 16 என இரண்டு குச்சிகளாக, 6000 வேகத்தில் வாங்குவதே நல்லது. 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் அது இப்போது கட்டுப்படியாகாது என்றால், 8 ஜிபி குச்சிகள் இரண்டை வாங்காமல் ஒரே ஒரு 16 ஜிபி குச்சியை வாங்கிவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைப் பின்னர் சேருங்கள். ஒற்றைக் குச்சியில் வேகம் கொஞ்சம் குறையும்தான். ஆனால் 8 ஜிபி குச்சிகளால் 32 ஜிபி ஆக்க நான்கு துளைகளையும் நிரப்பினால், டிடிஆர்5 என்ற இந்த வகை ராம் தன் முழு வேகத்தில் ஓடுவது கடினம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு நீண்ட யோசனை வேண்டாம், 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) போதும்.

இனிச் சுவருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. தங்கை வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பழைய கணினியின் பின்புறம், பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் புறங்கை உரசினால் விறுவிறுவென்று இருக்கும். பல ஆண்டுகளாக அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள், ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும்; இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி கேபினட்டின் மேலேயே நிற்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனால் அந்த நிலையில் வேறொரு கருவியின் வயரைச் செருகினால் போர்ட் கெடக்கூடும். மேலும், இடியின்போது காக்கும் என்று நம்பி வாங்கும் சர்ஜ் புரொடெக்டரும் எர்த் இல்லாமல் முழுப் பயன் தராது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே புதிய கணினிக்குப் பணம் கட்டச் சொன்னேன்.

ஐப்பசியில் மாலைதோறும் இடி இடிக்கும் ஊர் எங்களுடையது. என் பழைய கணினியில் பவர் பிளக்கை உருவிவிட்டு, இணையத்துக்கான லேன் வயரை மறந்துவிட்ட ஒரு மாலையில் அந்த வழியாகவே வந்து போர்ட்டைத் தின்றுவிட்டுப் போனது இடி. இரண்டையும் உருவுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அது கெட்டால் தன்னோடு கார்டையும் போர்டையும் கொண்டுபோகக்கூடும். 7600 அதிகபட்சம் 88 வாட், 5060 டிஐ 180 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 350 வாட்டுக்குள் அடங்கும். நல்ல தரமான 650 வாட் எஸ்எம்பிஎஸ் நிதானமாக ஓடும். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே அளக்கிறது, பாதுகாப்பை அளப்பதில்லை என்பதால் வாரன்டி ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது பெரும்பாலும் 360 வாட்தான் தரும்; மானிட்டரும் சேர்ந்த நிலையில், ஆட்டத்தின் நடுவே கரண்டு போனால் யுபிஎஸ்ஸும் கூடவே அணைந்துவிடும். 1000 விஏ அளவுக்குப் போங்கள்.

மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் வாங்கினால் வரி குறையும் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் சொல்வதுண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். எந்தப் பக்கத்து சர்வீஸ் சென்டர் உங்களுக்கு அருகில் இருக்கிறது என்பதையே பாருங்கள். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கார்டு விலை குறைவாகவே இருந்தாலும், இந்தியாவில் அதற்கு வாரன்டி உண்டா என்று நிறுவனத்திடம் கேட்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் பொருத்திப் பொத்தானை அழுத்தியதும் எங்கள் கணினியில் விசிறிகள் சுழன்றன, போர்டில் ராமுக்கான சிறு விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. "மாமா, போர்டு போச்சா?" என்று கேட்டபடியே பையன் பொத்தானை அணைக்கக் கைநீட்டினான், நான் தடுத்தேன். ஏஎம்5 போர்டுகள் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். இடையில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பொறுத்திருந்தோம், திரை வந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் பதறாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பயாஸில், ராமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 வேக ராம் 4800இலேயே ஓடும். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகி, விண்டோஸ் அமைப்பில் திரை நொடிக்கு எத்தனை முறை மாறும் என்ற அளவு 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் 144க்கு மாற்றிவிட்டு ஆட்டத்தைத் திறவுங்கள்.