எட்டு மாதமாக வலிப்பு இல்லை, மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வலிப்புக்காகச் சோடியம் வல்ப்ரோயேட் பாணி மருந்தைக் காலையும் இரவும் கொடுக்கிறேன். 8 மாதமாக வலிப்பு வரவில்லை. ஆனால் வகுப்பில் தூங்கி வழிகிறானாம். "பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது, மருந்துதான் அவனை மந்தமாக்குகிறது. நூல் கட்டினால் போதும், நிறுத்து" என்கிறார் மாமி. நிறுத்தலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு, நிறுத்த வேண்டாம். இன்றிரவு மருந்தையும் வழக்கம்போலக் கொடுத்துவிடுங்கள்.

இந்த எட்டு மாத நிம்மதியைத் தந்ததே அந்த மருந்துதான். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னரைவிடக் கடுமையாகத் திரும்பலாம். விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்த பிறகே வைத்தியர்கள் நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். அப்போதும் பல வாரங்கள், மாதங்களாகச் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்கள்.

மாமி சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. இந்த மருந்து சிலருக்குத் தூக்கத்தைத் தரும். அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்த்து அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ அவரால் முடியும். அதற்கு முன் நீங்கள் மருந்து அளக்கும் கரண்டியைப் பாருங்கள். வீட்டுத் தேக்கரண்டிகள் எல்லாம் ஒரே அளவு கொள்வதில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில், சொன்ன மில்லிலீட்டர் கோடுவரை இழுத்துக் கொடுங்கள். ஒரு வேளை மருந்து தவறினால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல், காரணமில்லாமல் உடம்பு கன்றுதல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நூல் கட்டுவதில் தவறில்லை, மாமியின் மனமும் ஆறும். மருந்து மட்டும் நிற்கக் கூடாது. அடுத்த கிளினிக்கிற்கு மாமியையும் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் வாயால் கேட்டால் அவருக்கும் தெளிவு வரும். மாரியில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டால் மருந்து தீர்ந்துவிடும். ஒரு வாரத்துக்காவது கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கில் குளிர்த்தி பார்க்க விடிய விடிய விழித்திருக்க ஆசைப்படுவான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம், ஆகவே நேரத்தோடு படுக்க வையுங்கள். கிணற்றடிக்கோ வாவிக்கோ தனியே விடாதீர்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவோ, ஆளை அழுத்திப் பிடிக்கவோ வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே மீண்டும் வந்தால், 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இதை ஒரு தாளில் எழுதி, மருந்தின் பெயரும் அளவும் சேர்த்து, நாளைக்கே வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிடுங்கள்.