எண்பதைத் தாண்டியதும் எழும் இரைச்சல்

கேள்வி: எங்கள் காருக்கு ஏழு வயது ஆகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும்போது, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அடியிலிருந்து ‘ஊங்’ என்று ஓர் இரைச்சல் எழுகிறது. நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். வீல் பேரிங் போய்விட்டது என்கிறார் இன்னொருவர். 2023 டிசம்பர் மழையின்போது வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: தேய்ந்த டயரும் பழுதான பேரிங்கும் (சக்கரம் எளிதாகச் சுழல உதவும், குண்டுகள் கொண்ட வளையம்) ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இரையும். காதை மட்டும் நம்பி இரண்டையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிப்பதை விட்டுவிட்டு, எதைச் செய்தால் அது மாறுகிறது என்று கவனியுங்கள். இதைப் பார்க்காமலே நான்கு டயர்களையும் மாற்றச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது.

முதலில் இன்ஜினை விலக்கிவிடலாம். நெரிசல் இல்லாத நேரான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றி, அதே வேகத்தில் தொடருங்கள். இன்ஜினின் சுழற்சி கூடியும் இரைச்சலின் சுருதி மாறவில்லை என்றால், அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது என்று பொருள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டுக் கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஸ்டீயரிங் இறுகிவிடும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும்.

அடுத்து சாலையைக் கவனியுங்கள். தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்திலோ, புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான பகுதியிலோ, வேகம் மாறாமல் இருக்கும்போதே இரைச்சல் மட்டும் மாறினால் டயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, டயரின் பட்டன் (சாலையைத் தொடும் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டங்கள்) மீது உள்ளங்கையை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிச் செல்லும் கை, எதிர்த்திசையில் ரம்பப் பல்லில் உரசுவதைப் போல இடறினால், வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறிப்போய் டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருக்கிறது. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினால், சத்தமும் இடம் மாறிக் கேட்கும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

சாலை மாறியும் இரைச்சல் மாறவில்லை, ஆனால் வளைவுகளில் மாறுகிறது என்றால் பேரிங்கைப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடி, வலப்பக்க வளைவில் அடங்கினால், பழுது பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். இதற்காக நெடுஞ்சாலையில் வண்டியை வேண்டுமென்றே வளைத்து ஓட்ட வேண்டாம். சாலையில் இயல்பாக வரும் நீண்ட வளைவுகளே போதும்.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், நல்ல பேரிங்கில் கைக்கு ஒன்றுமே தெரியாது. பழுதான பேரிங் என்றால், மணலை அரைக்கும் அந்த நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரல்களுக்கு ஏறிவரும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது.

உங்கள் கடிதத்தில் மழைநீர் பற்றிய வரியைப் படித்ததும் என் ஐயம் பேரிங்கின் பக்கமே சாய்கிறது. ஓடிச் சூடான ஹப் (பேரிங் அமர்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைக் கடந்து நீரை உள்ளே இழுக்கிறது. அது கிரீஸைக் கெடுக்கிறது. குண்டுகள் உருளும் பாதையில் துரு பிடித்து நுண்ணிய குழிகள் விழுகின்றன. இவை வளர்ந்து காதுக்கு எட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வெள்ளத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பேரிங்தான் என்று உறுதியானால் காலம் கடத்தாதீர்கள். ஆட்டம் கூடக்கூட ஹப் சூடேறி, முடிவில் சக்கரமே இறுகிப்போகவோ கழன்றுவிடவோ கூடும். பழுதானதை மட்டும் மாற்றினால் போதும்; ஆனால் உங்கள் வண்டி நீரில் நின்றதால் மற்ற மூன்று சக்கரங்களையும் அதேபோல் உயர்த்திச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய பேரிங்கைப் பிரஸ் இயந்திரத்தில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் முதல் நாளே உள்பாதையில் தழும்பு விழும். சில மாதங்களில் அதே இரைச்சல் திரும்பும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும்; அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது. வேலை முடிந்ததும் அந்த விளக்கைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: முன்கண்ணாடியை மாற்றிய பிறகு 90 கிலோமீட்டர் வேகத்தில் விசில் போன்ற ஒலி கேட்கிறது. திருநெல்வேலிக்குப் போகும்போது குறைவாகவும், திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழி அருகே மிக அதிகமாகவும் இருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்களே பாதி விடையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். 90 கிலோமீட்டர் வேகத்தில் வீடு திரும்பும் உங்களுக்கு எதிரே 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், கண்ணாடியின் மீது மோதும் காற்றின் வேகம் 130. போகும்போது அதே காற்று பின்னாலிருந்து வீசுவதால் வெறும் 50. சாலை வேகம் மாறாமல் காற்றைப் பொறுத்து மட்டும் மாறும் ஒலி, ஏதோ ஓர் இடுக்கிலிருந்து வருகிறது.

மாஸ்கிங் டேப்பை வாங்கி, முன்கண்ணாடியின் விளிம்பு முழுவதையும் வெளிப்புறத்தில், பார்வையை மறைக்காமல் ஒட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால், ஒவ்வொரு பக்கமாக டேப்பை உரித்துக்கொண்டே வந்து, எந்தப் பக்கத்தை உரித்ததும் ஒலி திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாற்றிய கடையில் அந்த இடத்தைக் காட்டிப் பசையையும் பீடிங்கையும் (விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை) சரிசெய்யக் கேட்பது உங்கள் உரிமை. மழை நாளில் அதே இடைவெளி வழியாக நீர் இறங்கி டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயரிங்கைக் கெடுக்கும் என்பதால், ஒலியைப் பழகிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து முன்பக்கம் ‘தட் தட்’ என்கிறது; வேகமாகப் போனால் அதிர்வாக மாறுகிறது. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், உளுந்தூர்பேட்டை

பதில்: கூடாது. உடனே அந்தச் சக்கரத்தின் நட்டுகளைப் பாருங்கள். 15 அங்குலச் சக்கரம் 90 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 13 முறை சுழல்கிறது. அதனால்தான் தனித்தனித் தட்டல்கள் ஒன்றுகூடி அதிர்வாகத் தெரிகின்றன. 20 கிலோமீட்டரில் அது விநாடிக்கு மூன்று முறைதான். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கார் கையேட்டில் கொடுத்துள்ள அளவுக்கு முடுக்கி, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள். நட்டு இறுக்கமாக இருந்தும் தட்டல் நிற்கவில்லை என்றால், டயரின் உட்பக்கச் சுவரிலும் உப்பல் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உப்பல் இருந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேராக டயர் கடைக்குச் செல்லுங்கள்.